பனித்தளமும் ஊர்க்குரலும்

கனடாவின் சிற்றூர்களில் ஐஸ் ஹாக்கி ஆடப்படும் பனித்தளம் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் புதிதாக உருவாக்கப்பட்டு, வசந்தம் வந்ததும் உருக்கி வடிக்கப்படுகிறது. ஆறேழு மாதங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இளைஞர்களும் அதன்மேல் ஆடிய ஆட்டங்களின் கீறல்கள் யாவும், குளிரூட்டும் இயந்திரங்கள் நிறுத்தப்பட்ட சில நாட்களில் வடிகாலோடு போய்விடுகின்றன. பின்னர் எஞ்சுபவை உள்ளூர் வார இதழின் விளையாட்டுப் பக்கமும், ஊர் வானொலியில் ஒலித்த வர்ணனையாளரின் குரலும், அவற்றைப் படித்தவர்கள், கேட்டவர்கள் நெஞ்சில் தங்கியவையும் மட்டுமே. ஆகவே இந்நாட்டின் பனி விளையாட்டுகளைப் பற்றி எழுதப் புகும்போது அரங்கத்தையும் ஊடகத்தையும் வெவ்வேறு பொருள்களாகப் பிரித்துக்கொள்வது சரியாகாது; ஊர் கூடுவதற்கான இடத்தை அரங்கம் தருகிறது, அக்கூட்டத்தின் நினைவை ஊடகம் காக்கிறது, இரண்டையும் தூக்கிச் சுமப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நலிந்தும் வருகின்றன.

ஐஸ் ஹாக்கி என்பது அணிக்கு ஆறு பேர் வீதம் களமிறங்கி, காலணிக்கடியில் பொருத்திய எஃகு அலகுகளால் பனிக்கட்டியின்மேல் சறுக்கிக்கொண்டே, நுனி வளைந்த நீண்ட மட்டைகளால் ஒரு ரப்பர் வட்டைத் தள்ளி எதிரணியின் வலைக்குள் சேர்க்க முயலும் விளையாட்டு. ‘பக்’ எனப்படும் அவ்வட்டு மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் சுமார் 170 கிராம் எடையும் கொண்டது. வெதுவெதுப்பான ரப்பர் துள்ளும் என்பதால் ஆட்டத்துக்கு முன்பே அதை உறைகுளிரில் வைத்து எடுப்பார்கள். இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள் நடக்கும் இந்த ஆட்டத்தில் இரண்டு இடைவேளைகள் உண்டு. ஆட்டக்காரர்கள் ஓய்வறைக்குப் போகும் அந்த நேரத்தில்தான் அரங்கப் பணியாளருக்கும் வானொலி வர்ணனையாளருக்கும் வேலை கூடுகிறது.

தளத்தை அமைப்பது பொறுமை வேண்டும் வேலை. அரங்கத்தின் நடுவே சுமார் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட கான்கிரீட் தளம் இருக்கும்; பழைய சிற்றூர் அரங்கங்களில் இது சற்றுக் குறைவாகவும் இருப்பதுண்டு. அதனுள் நெருக்கமாகப் பதிக்கப்பட்ட குழாய்களின் வழியே கால்சியம் குளோரைடு கலந்த உப்புக்கரைசல் ஓடுகிறது. சாதாரண நீர் உறைந்துவிடும் குளிரிலும் உறையாமல் ஓடக்கூடியது என்பதே இக்கரைசலைத் தேர்ந்தெடுத்ததன் காரணம். பின்புறத்து இயந்திர அறையில் கம்ப்ரசர்களால் அழுத்தப்பட்டு, நீர்மமாகி, மறுபடியும் ஆவியாகும் அம்மோனியா இக்கரைசலின் வெப்பத்தை உறிஞ்ச, குளிர்ந்த கரைசல் கான்கிரீட்டின் வெப்பத்தை உறிஞ்ச, கான்கிரீட்டின்மேல் தெளிக்கப்படும் நீர் உறைகிறது. மொத்த நீரையும் ஒரே வீச்சில் ஊற்றினால் பனிக்கட்டி குமிழியும் வெடிப்புமாக அமையும் என்பதால், நீர்க்குழாயைத் தோளில் சாய்த்தபடி முன்னும் பின்னும் நடந்து மெல்லிய படலமாகத் தெளித்து, அது இறுகிய பிறகே அடுத்த படலத்தைத் தொடங்குகிறார்கள். முதற்சில படலங்களுக்குப் பின் வெண்சாயம் பூசி, அதன்மேல் சிவப்புக் கோடுகளையும் நீலக் கோடுகளையும் வட்டங்களையும் இட்டு, அவை கரையாதிருக்க மீண்டும் படலங்களை ஏற்றி முடிக்கும்போது, தளம் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் தடிமனில் அமைந்திருக்கும். ஹாக்கிக்குக் கடினமான தளம் வேண்டும், கலைச் சறுக்குப் பழகுவோருக்குச் சற்று மென்மையான தளம் வேண்டும். ஒரே நாளில் இரு தரப்பாருக்கும் இடம் தரவேண்டிய பொறுப்பாளர் ஓரிரு டிகிரி வேறுபாட்டைக் கணித்து இயந்திரங்களை ஓட்டும் நுட்பம் பல ஆண்டு அனுபவத்தால் மட்டுமே கைவருவது.

இருபது நிமிட ஆட்டத்தில் எஃகு அலகுகள் தளத்தை உழுது, மேற்பரப்பைத் தூளால் மூடிவிடும். இதைச் சீராக்க முன்னொரு காலத்தில் ஆட்கள் பலர் சுரண்டுகருவிகளும் மண்வாரிகளும் நீர்ப்பீப்பாயும் கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவின் பாராமவுண்ட் நகரில் பனித்தளம் நடத்திவந்த ஃபிராங்க் ஜாம்போனி 1949இல் இவ்வேலை முழுவதையும் ஓர் ஓட்டுநர் செய்து முடிக்கும் வண்டியை உருவாக்கினார். அவருடைய பெயரே வட அமெரிக்காவில் அவ்வண்டிக்கு வழங்கும் பெயராகிவிட்டது. வண்டியின் பின்புறத்தில் தாழ்ந்து செல்லும் அகன்ற கத்தி மேற்பரப்பை மெல்லச் சீவுகிறது. திருகுசுழலி ஒன்று சீவலை நடுவே ஒதுக்கி மேலே தொட்டிக்குள் அனுப்புகிறது. பள்ளங்களில் படிந்த அழுக்கை வண்டி நீரால் அலசி உறிஞ்சி எடுக்கிறது. கடைசியில் தொங்கும் ஈரத்துணி வெந்நீரை ஒரே சீராகப் பரப்பிச் செல்கிறது. குளிர்ந்த நீரைவிட வெந்நீர் பழைய பனிக்கட்டியின் மேற்பரப்பைச் சிறிது இளக்கி அதனோடு ஒட்டி உறைவதாலும், காற்றுக் குமிழிகள் அதில் குறைவாக இருப்பதாலும், சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீரைப் பயன்படுத்துகிறார்கள். பத்து நிமிடங்களில் அரங்கம் முழுவதும் கண்ணாடியாகப் பளபளக்கும். தடுப்பை ஒட்டி நின்று அதைப் பார்க்கும் சிறுவர்கள் ஆட்டத்தை மறந்துவிடுவதும் உண்டு.

இவ்விளையாட்டின் வரலாறே செய்தித்தாளோடு பிணைந்தது. மாண்ட்ரியல் நகரின் விக்டோரியா சறுக்கரங்கில் 1875 மார்ச் 3ஆம் நாள் ஜேம்ஸ் கிரைட்டன் ஏற்பாடு செய்த ஆட்டமே, உள்ளரங்கில் முறைப்படி நடந்த முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டமாகக் கொள்ளப்படுகிறது. அன்று அணிக்கு ஒன்பது பேர் ஆடினார்கள். துள்ளிப் பாய்ந்து பார்வையாளர்களைத் தாக்கக்கூடிய பந்துக்கு மாற்றாகத் தட்டையான மரவட்டு பயன்படுத்தப்பட்டது. இவ்வளவும் இன்று தெரியவருவதற்குக் காரணம், அந்நகரின் ‘கெஜட்’ நாளிதழ் ஆட்டத்தை முன்கூட்டியே அறிவித்ததோடு, நடந்து முடிந்தபின் அதைப் பற்றிய செய்தியையும் வெளியிட்டதுதான். அதற்குப் பல பதின்ம ஆண்டுகளுக்கு முன்பே நோவா ஸ்கோஷியாவின் குளங்களிலும், ஒன்டாரியோவின் ஏரிகளிலும், படைமுகாம்களை அடுத்த உறைந்த துறைமுகங்களிலும் மட்டையும் வட்டுமாக மக்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். எந்த ஊர் இவ்விளையாட்டின் பிறப்பிடம் என்ற வழக்கு இன்றளவும் தீராமல் இருப்பதற்கு, அந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை உரிய காலத்தில் எவரும் எழுதிவைக்கவில்லை என்பதே அடிப்படை. எழுதப்பட்ட ஆட்டம் முதல் ஆட்டமாயிற்று.

அச்சிதழுக்கு அடுத்துத் தந்தி வந்தது. கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த ஸ்டான்லி பிரபு 1892இல் அறிவித்து, 1893 முதல் வழங்கப்படும் ஸ்டான்லி கோப்பை, தொடக்கத்தில் எந்த ஊரின் அணியும் அறைகூவல் விடுத்துப் போட்டியிடக்கூடிய கோப்பையாக இருந்தது. 1896 பிப்ரவரியில் வின்னிபெக் நகர அணி மாண்ட்ரியலுக்குச் சென்று அக்கோப்பைக்காக ஆடியபோது, வின்னிபெக்கில் மக்கள் விடுதிகளில் கூடி, தந்தி வழியாக வந்த குறிப்புகளை ஒருவர் உரக்கப் படிக்கக் கேட்டே ஆட்டத்தைப் ‘பார்த்தார்கள்’. 1907 ஜனவரியில் ஒன்டாரியோவின் மேற்கெல்லையில் ஏரிக்கரையில் அமைந்த கெனோரா என்ற சிற்றூரின் திசில்ஸ் அணி, மாண்ட்ரியலின் வாண்டரர்ஸ் அணியை வென்று கோப்பையைக் கைப்பற்றியது. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த அவ்வூரைவிடச் சிறிய ஊர் எதுவும் இன்றுவரை அக்கோப்பையை வென்றதில்லை. இரண்டு மாதங்களில் அதை மீண்டும் மாண்ட்ரியலிடமே இழந்தது என்றாலும், பெருநகரத்துக்குச் சமமாகத் தன்னை நினைத்துக்கொள்ளும் துணிவைச் சிற்றூர்களுக்கு அந்த வெற்றி கொடுத்தது.

இயற்கைக் குளிரை மட்டுமே நம்பிய அக்கால அரங்கங்கள், மரத்தால் அமைந்த பெரிய கொட்டகைகள்தாம்; கதவுகளைத் திறந்துவைத்துக் குளிரை உள்ளே விடுவதே பனிக்கட்டியைக் காக்கும் வழி, இளவெயில் தொடர்ந்து அடித்தால் ஆட்டம் ரத்து. லெஸ்டர் பேட்ரிக், ஃபிராங்க் பேட்ரிக் என்ற உடன்பிறப்புகள் தங்கள் தந்தையின் மரத் தொழிலில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு 1911இல் பசிபிக் கரையின் விக்டோரியாவிலும் வான்கூவரிலும் இயந்திரக் குளிரூட்டல் கொண்ட அரங்கங்களைக் கட்டினார்கள். கனடாவில் அவையே இவ்வகையின் முதல் அரங்கங்கள். சிற்றூர்களுக்கு அந்த வசதி வந்து சேரப் பல பதின்ம ஆண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல ஊர்கள் போரில் இறந்த தம் பிள்ளைகளின் நினைவாகப் பனி அரங்கங்களை எழுப்பின; 1967இல் நாட்டின் நூற்றாண்டு விழாவையொட்டிக் கிடைத்த நிதியில் மேலும் பல எழுந்தன. இன்றும் நாடெங்கும் ‘மெமோரியல் அரீனா’, ‘சென்டெனியல் அரீனா’ என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதன் பின்னணி இதுவே.

வானொலி இவ்விளையாட்டோடு சேர்ந்தது 1923இல். அவ்வாண்டு பிப்ரவரி 8ஆம் நாள் டொராண்டோவில் நார்மன் ஆல்பர்ட் ஓர் ஆட்டத்தின் ஒரு பகுதியை வானொலியில் வர்ணித்தார். மார்ச் 14ஆம் நாள் சமவெளி நகரமான ரெஜைனாவில் பீட் பார்க்கர் ஒரு தொழில்முறை ஆட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை வர்ணித்தார். அதே காலத்தில் டொராண்டோவில் ஒலிவாங்கியைக் கையிலெடுத்த ஃபாஸ்டர் ஹெவிட் அடுத்த அரை நூற்றாண்டுக்கு நாட்டின் குரலாகவே ஆகிவிட்டார். 1931இல் டொராண்டோவில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம் திறக்கப்பட்டபோது, தளத்துக்கு 56 அடி உயரத்தில் தொங்கும் மேடை ஒன்று அவருக்காகவே அமைக்கப்பட்டது. குளிர்காலச் சனிக்கிழமை இரவுகளில் பண்ணை வீடுகளிலும் சுரங்கக் குடியிருப்புகளிலும் மக்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து அவர் குரலைக் கேட்ட காலம் கனடாவின் பொதுநினைவில் ஆழப் பதிந்திருக்கிறது. 1952இல் தொலைக்காட்சி வந்து அக்குரலுக்கு உருவம் தந்தது.

எனினும் ஹெவிட் வர்ணித்தது பெருநகரத்து அணியை. அவரைக் கேட்டு வளர்ந்த தலைமுறை தத்தம் ஊர்களில் உள்ளூர் வானொலி நிலையங்களை அமைத்தபோது, அவ்வடிவத்தைத் தன் ஊரின் ஆட்டத்துக்குப் பொருத்திக்கொண்டது என்பதே பெரிய செய்தி. சிற்றூர் வானொலியில் வர்ணனை என்பது ஒருவரின் முழுநேரத் தொழிலாக இருப்பது அரிது. காலையில் வானிலையும் தானிய விலையும் இறப்பு அறிவிப்புகளும் படித்தவரே, பிற்பகலில் விளம்பரம் கேட்டுக் கடைகளுக்குப் போய்வந்து, மாலையில் ஆட்டக்காரர்களோடு ஒரே பேருந்தில் ஏறி வெளியூர் அரங்கத்துக்குப் புறப்படுவார். அங்கே கூரைக்கு அருகில் ஏணி ஏறிச் சேரவேண்டிய குளிர்ந்த பலகை அறையில் கருவிகளைத் தாமே இணைத்து, கையுறையோடு பெயர்ப்பட்டியலைப் புரட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் பேசுவார்; இடைவேளையில் பயிற்றுநரை அல்லது அரங்கத்துக்கு வந்த பழைய ஆட்டக்காரர் ஒருவரைப் பேட்டி காண்பார். பனிப்புயலில் சாலை மூடிக்கிடக்கும் இரவுகளில், முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் இரவுப்பணியிலும் இருப்பவர்களுக்கு ஊரோடு உள்ள ஒரே தொடர்பு அந்தக் குரல்தான். பெருநகர வர்ணனையாளருக்கு எட்டாத ஒன்று அவருக்குத் தெரியும்: கோல் அடித்த பையன் யாருடைய பேரன் என்பது.

இவ்வமைப்பு எப்படி இயங்குகிறது என்பதற்கு மனிடோபா, சஸ்காட்செவன் மாகாணங்களின் எல்லையில் பாறைகளின்மேல் அமைந்த ஃபிளின் ஃபிளான் என்ற சுரங்க ஊரைச் சான்றாகக் கொள்ளலாம். செம்பும் துத்தநாகமும் எடுக்கும் நிறுவனத்தைச் சுற்றி 1920களின் பிற்பகுதியில் உருவான இவ்வூர், 1961இல் சுமார் 11,000 மக்களைக் கொண்டிருந்தது. இன்று எல்லைக்கு மனிடோபா பக்கம் வாழ்வோர் 5,000க்கும் சற்றுக் குறைவு. 1927 முதல் இங்கே ஆடிவரும் பாம்பர்ஸ் அணியின் இளைஞர்கள் 1957இல் நாட்டின் ஜூனியர் அணிகளுக்கான உச்சப் பரிசாகிய மெமோரியல் கோப்பையை வென்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டு திறக்கப்பட்ட விட்னி ஃபோரம் அரங்கம் இன்றும் அவர்களுடைய களம். இந்த அரங்கத்தில் வளர்ந்த பாபி கிளார்க், நீரிழிவு நோய் காரணமாகப் பல பெரிய அணிகள் தயங்கிய நிலையில் 1969இல் ஃபிலடெல்ஃபியா அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1974, 1975 ஆகிய ஆண்டுகளில் அதன் தலைவராக ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். 1937 முதல் ஒலிபரப்பாகும் ஊர் வானொலி இவ்வணியின் ஆட்டங்களை அலைவரிசையில் ஏற்றிவந்தது. அடுத்த அணியின் ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலப்பரப்பில், வெளியூர் ஆட்டத்தை ஊர் அறிய அதுவே வழி. 2022இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்ட பிறகும் பாம்பர்ஸ் அணி ஆடிக்கொண்டிருக்கிறது. வேலை தந்த நிறுவனம் போனபின்னும் ஊர் ஊராக இருப்பதற்கு இந்த அரங்கமும் அணியும் எவ்வளவு காரணம் என்பதை மக்கள்தொகைக் கணக்கால் அளந்துவிட முடியாது.

பதினாறு முதல் இருபது வயது வரையிலான இளைஞர்கள் ஆடும் இத்தகைய ஜூனியர் அணிகளில் பலர் வெளியூர்ப் பிள்ளைகள். பருவம் முழுவதும் அவர்கள் உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்கி, அவ்வீட்டுப் பிள்ளைகளோடு உண்டு, உள்ளூர்ப் பள்ளியில் படித்து, மாலையில் பயிற்சிக்குச் செல்கிறார்கள். சஸ்காட்செவனின் ஸ்விஃப்ட் கரன்ட், பிரின்ஸ் ஆல்பர்ட், மூஸ் ஜா ஆகிய ஊர்களின் அணிகள் தனி முதலாளிக்கு உரியவையாக இல்லாமல் ஊர்ப் பொதுவுடைமையாக நடந்துவந்தவை. நுழைவாயிலில் சீட்டு கிழிப்பவர், சிற்றுண்டிக்கடையில் நிற்பவர், பாதித் தொகை வென்றவருக்கும் மறுபாதி அணிக்குமாகப் போகும் குலுக்கல் சீட்டை விற்பவர் என எல்லாருமே ஊதியமில்லாத ஊர்க்காரர்கள். பல ஊர்களில் அதே கூரைக்குக் கீழோ அடுத்த கட்டடத்திலோ கர்லிங் தளம் இருக்கும். ஸ்காட்லாந்துக் குடியேறிகள் கொண்டுவந்த அவ்விளையாட்டில், இருபது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த மெருகேற்றிய கருங்கல்லைப் பனிக்கட்டியின்மேல் வழுக்கி விட்டு, முன்னே இருவர் துடைப்பத்தால் தேய்த்து அதன் வேகத்தையும் வளைவையும் கட்டுப்படுத்துவார்கள். ஹாக்கி வயதைத் தாண்டியவர்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் அது. கேபிள் நிறுவனங்கள் சமூகத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றை நடத்தவேண்டும் என 1970களில் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதியின் பயனாக, உள்ளூர்த் தொண்டர்களே கேமரா பிடித்து இவ்வாட்டங்களைக் காட்டும் வழக்கமும் பல நகரங்களில் வேரூன்றியது.

அணியும் அரங்கமும் வானொலியும் எவ்வளவு நெருங்கியவை என்பதை நாடு முழுவதும் உணர்ந்தது பெருந்துயரம் ஒன்றின் வழியே. 2018 ஏப்ரல் 6ஆம் நாள், சஸ்காட்செவனில் சுமார் 6,000 பேர் வாழும் ஹம்போல்ட் ஊரின் பிராங்கோஸ் அணி, நிபாவின் என்ற ஊரில் நடக்கவிருந்த ஆட்டத்துக்குச் செல்லும் வழியில், நெடுஞ்சாலைச் சந்திப்பில் அதன் பேருந்தும் ஒரு சரக்கு லாரியும் மோதின. பேருந்தில் இருந்த 29 பேரில் 16 பேர் இறந்தனர். ஆட்டக்காரர்களோடும் பயிற்றுநர்களோடும் ஊர் வானொலியின் வர்ணனையாளரும், ஆட்டப் புள்ளிவிவரம் குறிக்கும் பதினெட்டு வயதுத் தொண்டர் ஒருவரும் இறந்தவர்களில் அடங்குவர். அன்றிரவு அந்த ஆட்டத்தை ஊருக்குச் சொல்லவேண்டியவரும் அதே பேருந்தில்தான் இருந்தார். இரண்டு நாட்களுக்குப் பின் ஹம்போல்டின் எல்கர் பீட்டர்சன் அரங்கத்தில் மக்கள் கூடி அஞ்சலி செலுத்தியதை நாடே நேரலையில் கண்டது. அந்நாட்களில் கனடாவெங்கும், பிற நாடுகளிலும், வீட்டு வாசல்களில் ஹாக்கி மட்டைகளைச் சாய்த்துவைத்து மக்கள் தம் துயரத்தைத் தெரிவித்தார்கள். தேவாலயமும் நகர்மன்றமும் இருக்க, ஊர் துக்கத்துக்குக் கூடிய இடம் பனி அரங்கமாகவே இருந்தது.

இவ்வளவு பொருள் பொதிந்த அரங்கங்கள் முதுமையடைந்துவிட்டன. மூடிய பெருங்கூரையின்மேல் குவியும் பனியின் சுமை எப்போதுமே அச்சத்துக்குரியது: 1959 பிப்ரவரி 28ஆம் நாள் ஒன்டாரியோவின் லிஸ்டோவெல் ஊர் அரங்கத்தின் கூரை இடிந்து விழுந்ததில் ஏழு சிறுவர்கள் உட்பட எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். 2014 ஜனவரியில் ஆல்பர்ட்டாவின் சில்வன் லேக் ஊரிலும் பழைய அரங்கத்தின் கூரை பனிச்சுமையால் சரிந்தது. கூரையைவிட மறைவான ஆபத்து இயந்திர அறையில் இருக்கிறது. அம்மோனியா மலிவானது, திறன் மிக்கது, ஓசோன் படலத்தைக் கெடுக்காதது. ஆனால் மூடிய அறைக்குள் கசிந்தால் உயிரைப் பறிப்பது. 2017 அக்டோபர் 17ஆம் நாள் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி ஊர் அரங்கத்தில், கர்லிங் தளத்தைக் குளிர்விக்கும் பழைய கருவியில் ஏற்பட்ட அம்மோனியாக் கசிவு அங்கே பணியில் இருந்த மூவரைக் கொன்றது. ஆண்டுதோறும் தளத்தை உருவாக்கி ஊருக்குத் தருபவர்கள் எத்தகைய ஆபத்தோடு வேலை செய்கிறார்கள் என்பது அன்றுதான் பலருக்கும் தெரியவந்தது. குளிரூட்டும் அமைப்பை மாற்றுவது சில ஆயிரம் பேர் கொண்ட ஊரின் நிதிநிலைக்கு மிகப் பெரிய சுமை. 2006 முதல் ஓர் உணவு நிறுவனம் நடத்திவரும் ‘ஹாக்கிவில்’ போட்டியில் ஊர்கள் தங்கள் அரங்கத்தின் கதையை எழுதி அனுப்பி, நாட்டு மக்களின் வாக்குகளைத் திரட்டி, புதுப்பிப்பு நிதியை வெல்ல முனைவது இதனால்தான். சில்வன் லேக் 2014இலும், தீயால் அரங்கம் பாதிக்கப்பட்ட எல்சிபோக்டோக் என்ற மிக்மாக் பழங்குடி ஊர் 2021இலும் வென்றன. ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டிடம் விளம்பரப் போட்டியின் முடிவைப் பொறுத்து நிற்பது நல்ல ஏற்பாடு அன்று என்றாலும், நிதிக்கு வேறு வழி காணாத ஊர்களைக் குறைகூற முடியாது. திறந்தவெளியை நம்புவதும் அரிதாகிவருகிறது: ஒட்டாவா நகரில் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு உறையும் ரீடோ கால்வாய்ச் சறுக்குத்தடம், 1970களின் தொடக்கத்தில் உருவானது முதல் முதன்முறையாக, 2022-23 குளிர்காலத்தில் ஒருநாள்கூடத் திறக்கப்படவில்லை.

அரங்கங்களுக்காவது நிதி கேட்டுக் குரல் எழுப்ப ஆட்கள் உண்டு. ஊர் இதழ்களும் வானொலிகளும் அவ்வளவு ஓசையின்றி மறைகின்றன. 2023 செப்டம்பரில் ஒன்டாரியோவில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த 70க்கும் மேற்பட்ட சமூக வார இதழ்கள் ஒரே நாளில் அச்சை நிறுத்தின. அதற்கு ஒரு மாதம் முன்பு, செய்திக்குப் பணம் செலுத்தும் சட்டம் தொடர்பான பிணக்கில், மெட்டா நிறுவனம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கனடாவின் செய்திகளைத் தடுக்கத் தொடங்கியது. அச்சை இழந்த இதழ் வாசகரைச் சென்றடைய எஞ்சியிருந்த வழியும் அடைபட்டது. 2024 பிப்ரவரியில் பெல் நிறுவனம் தன் 103 வானொலி நிலையங்களில் 45ஐ விற்கப்போவதாக அறிவித்தது. பல அரங்கங்களில் இப்போது சுவரில் பொருத்திய தானியங்கிக் கேமராக்கள் ஆட்டத்தைப் பதிந்து, சந்தா கட்டியவர்களுக்கு இணையத்தில் அனுப்புகின்றன. தொலைவில் வாழும் பாட்டனுக்குப் பேரனின் ஆட்டம் கண்ணில் படுவது பெரிய நன்மைதான். ஆனால் அக்கேமரா வட்டு போகும் திசையில் திரும்பும், அவ்வளவே. கோலைத் தடுத்த சிறுமியின் பெயரை அது சொல்லாது, நாற்பது ஆண்டு கழித்து ஊர் நூலகத்தில் தேடினால் கிடைக்கும் வரியொன்றை எழுதி வைக்காது. கூரைக்கும் கம்ப்ரசருக்கும் பொதுநிதி ஒதுக்கும் அரசுகள், அதே அரங்கத்தின் மேல்மூலையில் இருக்கும் வர்ணனை அறையையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

அத்தகைய சிறிய அறைகளிலிருந்து என்ன உருவாகும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் இருக்கின்றன. 2008இல் பொதுத்துறை ஒலிபரப்பு நிறுவனமாகிய சிபிசி சனிக்கிழமை ஆட்டங்களைப் பஞ்சாபியிலும் வழங்கத் தொடங்கியது. ஆல்பர்ட்டாவின் புரூக்ஸ் என்ற சிற்றூரில் சீக்கியக் குடும்பத்தில் வளர்ந்த ஹர்நாராயண் சிங் அதன் வர்ணனையாளராகி, தாத்தா பாட்டியரையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே ஆட்டத்தின்முன் உட்காரவைத்தார். 2019 மார்ச் 24ஆம் நாள் மாண்ட்ரியல், கரோலினா அணிகளுக்கிடையிலான தேசிய ஹாக்கி லீக் (என்எச்எல்) ஆட்டம், பழங்குடியினர் தொலைக்காட்சியாகிய ஏபிடிஎன்-இல் க்ரீ மொழி வர்ணனையுடன் ஒளிபரப்பானது. அன்று வர்ணித்த கிளாரன்ஸ் அயர்ன், சஸ்காட்செவனின் வடக்கே பைன்ஹவுஸ் என்ற சிற்றூரின் சமூக வானொலியில் பணியாற்றிவந்தவர். காடும் ஏரியுமான அந்நிலப்பரப்பில் தம் மக்களின் மொழியில் ஊர் ஆட்டங்களைச் சொல்லிப் பழகியவர். நாடளாவிய ஒளிபரப்புக்கு க்ரீ மொழியில் வேகமாக ஓடும் ஆட்டத்தைச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடியபோது, அக்குரல் பல ஆண்டுப் பயிற்சியோடு அங்கே ஆயத்தமாக இருந்தது. அதன்பின் வந்த பருவங்களில் மேலும் பல ஆட்டங்கள் க்ரீ மொழியில் ஒளிபரப்பாயின.